பதினொரு வலிப்பும் பன்னிரண்டாவதும்

இடது கையா, வலது கையா என்று அவனுக்குத் தெரியவில்லை. இருபத்தாறு வருடங்களாக அவனுக்கு வலிப்பு வருகிறது. அதைப் பள்ளிக்கூடம் பார்த்திருக்கிறது, பேருந்து நிறுத்தம் பார்த்திருக்கிறது, ஒரு வங்கியின் வரிசை முழுதும் பார்த்திருக்கிறது. பார்க்காத ஒரே ஆள் அவன்தான். எந்தக் கை முதலில் துடிக்கும் என்று யாரிடமாவது கேட்டு வைத்திருக்கலாம். இப்போது நேரமில்லை. முதலாளியின் செருப்புச் சத்தம் ஃபோம் அடுக்குகளைத் தாண்டி வந்துவிட்டது.

வலது கையை ஆட்டினான்.

அவன் படுத்திருந்தது ஆறுக்கு ஐந்து மெத்தை. விற்பனைக்குப் போக வேண்டிய சரக்கு. பத்தேகாலுக்கு அதற்குப் பிளாஸ்டிக் உறை மாட்ட ஆரம்பித்தான். மூன்று மூலைகள் மாட்டியாயிற்று. நாலாவது மூலைக்காக மெத்தையின் மேல் முட்டி போட்டான். முட்டி போட்டவன் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் படுத்தான். படுத்தவன் எழுந்திருக்கவில்லை. கால்கள் இருந்தன. அசைத்துப் பார்த்தான், அசைந்தன. எழுந்திரு என்ற உத்தரவு தலையிலிருந்து கிளம்பிக் கழுத்து வரை வந்து, அங்கே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

பட்டறையில் சரக்கின் மேல் யாரும் படுக்கக் கூடாது. முதலாளியே படுக்க மாட்டார். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: வலிப்பு. அது அவனுக்காக ஏற்பட்டது.

"நம்ம ஸ்பிரிங்குக்கு வந்துடுச்சு!" என்று பசைக்காரர் கத்தினார். பசை தெளிக்கும் துப்பாக்கியை வைத்துவிட்டு கம்ப்ரெஸரை நிறுத்தினார். கட்டிங் மாஸ்டர் ஓடிவந்து அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். டேப்புக்காரி, அதாவது மெத்தையின் விளிம்பில் நாடா வைத்துத் தைக்கும் டேப் மெஷினை ஓட்டுபவள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நேரம் பார்ப்பது அவள் வேலை. இதெல்லாம் பதினைந்து வருடங்களில் பழகிப்போனது. எட்டு மாதங்களாக வாய்ப்பில்லாமல் இருந்தும் யாரும் தங்கள் பாகத்தை மறக்கவில்லை. மறந்தவன் அவன் ஒருவன்தான்.

சத்தமும் போட வேண்டும் என்று ஞாபகம் வந்தது. ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்துவான் என்று கிண்டல் செய்திருக்கிறார்கள். ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தினான். கட்டிங் மாஸ்டர் ஒரு நொடி கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார்.

வலிப்பு என்பது கடுமையான உழைப்பு. நிஜமாக வரும்போது அந்த உழைப்பு அவன் கணக்கில் சேர்வதில்லை. இப்போது ஒவ்வொரு உதறலையும் அவனே உதற வேண்டியிருந்தது. படுக்கையிலிருந்து எழ முடியாத ஆள் எத்தனை நேரம் உதறுவான்? சீக்கிரமே அலுத்துப்போய் நிறுத்திவிட்டான். அடுத்தது தூக்கம். வலிப்புக்குப் பிறகு வாயைத் திறந்துகொண்டு தூங்குவான் என்பது தெரியும். அதை மட்டும் குறை சொல்ல முடியாதபடி செய்தான்.

"எவ்வளவு நேரம்?" என்றார் முதலாளி.

"நாப்பது செகண்டு" என்றாள் டேப்புக்காரி.

"பரவாயில்லையே, குறைஞ்சிருக்கே. மெத்தை நனைஞ்சுதா?"

"இல்ல முதலாளி."

"நல்ல பையன்" என்று சொல்லிவிட்டு அவர் போனார். நாற்பத்தொரு வயதில் அவனைப் பையன் என்று கூப்பிட அவர் ஒருவர்தான் மிச்சம்.

டேப்புக்காரி மெத்தைப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எதற்கோ காத்திருந்தாள். அவன் கண்ணைத் திறந்தான். அவள் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு எழுந்து ஏப்ரனைக் கழற்றினாள்.

"எல்லாரும் போய் வேலையைப் பாருங்க. இவனை நான் வீட்டுல விட்டுட்டு வர்றேன்."

மெத்தைப் பட்டறைக்கு அவன் வந்தது அக்கா வீட்டுக்காரரான மாமாவின் யோசனை. அதற்கு முன்னால் கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து நாலு நாள் இருந்தான். நூலகத்தில் ஆறு மாதம். ஒரு அலமாரியைக் கூடவே இழுத்துக்கொண்டு விழுந்ததில் அதுவும் போயிற்று. அலமாரியில் இருந்தவை சட்டப் புத்தகங்கள்; நாவல் பக்கம் விழுந்திருந்தால் தலையில் தையல் போட்டிருக்க வேண்டியதில்லை என்பார் மாமா. "விழற ஆளை எங்கடா சேர்க்கிறது? மெத்தைக் கடையிலதான்" என்று சொன்னவரும் அவர்தான். சிரிப்புக்காகச் சொன்னது. ஆனால் யாருக்கும் அதைவிட நல்ல யோசனை இல்லை.

சேர்ந்த இரண்டாம் வாரம் விழுந்தான். அன்று பசைக்காரர் அவன் வாயில் ஒரு ஃபோம் துண்டைத் திணித்தார். ஒரு வாரத்துக்கு எதைச் சாப்பிட்டாலும் ரப்பர் வாசனை. அதன் பிறகு டேப்புக்காரி ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு துண்டுப் பிரசுரம் வாங்கிவந்து, அதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். வாயில் எதையும் வைக்காதே என்ற வரிக்கு அடியில் மூன்று கோடு. பசைக்காரர் இன்றுவரை அந்தப் பக்கம் திரும்புவதில்லை. அதே வாரம் அவனுக்கு ஸ்பிரிங் என்று பெயரும் வைத்தார்கள். அவன் கோபப்படவில்லை. முந்தைய இடங்களில் எல்லாம் பெயர் வைக்கும் அளவுக்கு அவனை வைத்திருந்ததில்லை.

பேருந்தில் டேப்புக்காரி அவனை ஜன்னலோரம் தள்ளிவிட்டு வெளிப்பக்கம் உட்கார்ந்தாள். அவன் விழுந்தால் அவள் மேல்தான் விழ வேண்டும். அதுவும் பழகிய ஏற்பாடு.

"டேய் ஸ்பிரிங்கு."

"ம்."

"முழிச்சதும் நீ என்ன கேப்ப, தெரியுமா?"

"என்ன கேப்பேன்?"

"பஸ் போயிடுச்சான்னு கேப்ப."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"நானா?"

"பின்ன, பஸ்ஸா கேக்கும்? பதினஞ்சு வருஷமா ஒவ்வொரு வாட்டியும் கண்ணைத் திறந்ததும் அதுதான். பஸ் போயிடுச்சா? கட்டிங் மாஸ்டர், பஸ் இன்னும் வரலைப்பா, நீ தூங்குன்னுவாரு. சமர்த்தா தூங்கிடுவ."

"எந்த பஸ்?"

"அதை நீதான் சொல்லணும். நாங்களும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தாச்சு."

"ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"சொன்னா வெக்கப்படுவேன்னுதான்."

"ஆடு மாதிரி கத்துறேன்னு மட்டும் மைக் வெச்சுச் சொன்னீங்க."

"அது கிண்டல். இது வேற." அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பேருந்து திரும்பியது. "இன்னிக்கு நீ கேக்கலை. கையும் வலது கை. உனக்கு எப்பவும் இடதுதான். அந்த ஆட்டுச் சத்தம் இருக்கே, கட்டிங் மாஸ்டர் பயந்தே போயிட்டாரு. உனக்குள்ள வேற ஏதோ பூந்துடுச்சுன்னு நெனச்சிருப்பாரு."

மூன்று நிறுத்தங்கள் போயின. முன்னிருக்கையில் ஒருவர் தர்பூசணிப் பழத்தை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினார். அதற்கு வலிப்பு வந்தால் எங்கே உருளும் என்று அவன் யோசித்தான்.

"ஏன்டா நடிச்ச?"

"எழுந்திருக்க முடியலை."

"கால் வலியா?"

"இல்ல."

"தலை சுத்தலா?"

"ஒண்ணுமே இல்ல. ஒண்ணுமே இல்லாததுதான். முதலாளி வேற வந்துட்டாரு." பிறகு, ஒன்றைச் சொல்லியாயிற்று, மிச்சத்தையும் சொல்லிவிடலாம் என்ற தோரணையில் சொன்னான்: "இது பன்னெண்டாவது."

"எது?"

"நடிச்சது. இல்ல, நடிச்சது இன்னிக்கு மட்டுந்தான். மத்த பதினொண்ணும் வீட்டுல. வந்துச்சுன்னு வாயால சொன்னது."

டேப்புக்காரி சிரித்தாள். தர்பூசணிக்காரர் விழித்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தாள். அப்புறம் நடுவில் நிறுத்தினாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரி இல்ல உனக்கு?"

"ஆமா."

"என்ன பண்ணப் போறாங்க?"

"ரெண்டு வாட்டி மருந்தைக் கூட்டியாச்சு. இந்த வாட்டியும் குறையலைன்னா மூணாவதா ஒண்ணு சேக்கணும்னாரு. இல்ல, ஒரு வாரம் அங்கேயே படுக்க வெச்சு, தலையில ஒயர் ஒட்டி, கேமரா வெச்சுப் பாப்பாங்களாம்."

"கேமராவுக்கு முன்னாடி வலது கையை ஆட்டப் போறியா?"

அவனுக்கும் சிரிப்பு வந்தது. வந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

எட்டு மாதங்களுக்கு முன்னால் ஒரு புது மாத்திரை கொடுத்தார்கள். வலிப்பு நின்றுபோயிற்று. நூறாவது நாள் பட்டறையில் கொண்டாட்டம். கட்டிங் மாஸ்டர் மஞ்சள் ஃபோமை வெட்டி மூன்றடுக்கு கேக் செய்திருந்தார். அதைக் கத்தியால் வெட்டச் சொன்னார்கள். வெட்டினான். முதலாளி ஒரு தலையணை பரிசாகக் கொடுத்தார். வீட்டில் மாமா, "இனிமே உனக்கென்ன மாப்ள, ராஜா" என்றார்.

அன்று இரவு அந்தத் தலையணையில் தலை வைத்துப் படுத்தான். அவனிடம் எந்தக் கேள்விக்கும் ஒரு பதில் தயாராக இருந்து வந்தது. ஏன் மேலே படிக்கவில்லை, ஏன் கல்யாணம் ஆகவில்லை, ஏன் வண்டி ஓட்டவில்லை, ஏன் இன்னும் அக்கா வீட்டில். ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். நூறாவது நாளோடு அந்தப் பதில் காலாவதியாகிவிட்டது. கேள்விகள் அப்படியே இருந்தன. கேட்பதற்கு யாரும் இல்லை. அதனால் அவனே கேட்டுக்கொண்டான்.

அடுத்து வந்த வாரங்களில் சில சிறிய விஷயங்கள் பெரிதாயின. சட்டைக்கு ஏழு பட்டன்கள் இருப்பது அநியாயமாகப் பட்டது. வாரத்துக்கு இரண்டு முறை சவரம் செய்துவிடும் மாமாவிடம், நாளைக்கு, நாளைக்கு என்றான். மாமா முடிதிருத்துபவர். வீட்டில் ஒருவன் தாடியோடு நடமாடுவது தொழிலுக்கு அவமானம் என்றார். ஒரு புதன்கிழமை பத்து மணி வரை அவன் படுத்திருந்தான். அலுவலகத்துக்குக் கிளம்பிய அக்கா கதவருகே நின்றாள்.

"ஏன்டா, நூறு நாள் ஆச்சுன்னதும் துரைக்கு சோம்பேறித்தனம் வந்துடுச்சா?"

"வந்துச்சு" என்றான். அவள் கேட்ட சோம்பேறித்தனத்தைத்தான் சொன்னானோ என்னவோ, அவனுக்கே சரியாகத் தெரியவில்லை. ஆனால் அக்காவின் முகம் மாறியது. பையைக் கீழே வைத்தாள். திரைச்சீலையை இழுத்து விட்டாள். காலுக்குப் போர்வை போர்த்தினாள். நெற்றியில் கையை வைத்து, "எப்போ? எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள். குரல் அவ்வளவு மென்மையாக இருந்தது.

"இப்பத்தான். ரெண்டு நிமிஷம்."

அவ்வளவுதான். வலிப்புக்கு லீவு உண்டு, போர்வை உண்டு, பட்டறைக்கு போன் போட்டுச் சொல்ல ஆள் உண்டு. மற்றதற்கு என்ன பெயர் என்றே அவனுக்குத் தெரியாது. பெயர் தெரியாத ஒன்றுக்கு எப்படி லீவு கேட்பது? மூன்று மாதத்தில் பதினொரு தரம் அந்தச் சொல்லைச் சொன்னான். மருத்துவர் அக்கா எழுதிவரும் வலிப்பு நோட்டைப் பார்த்து மருந்தைக் கூட்டினார். மருந்து கூடக்கூடப் பட்டன்கள் பெருகின.

டேப்புக்காரி போன் செய்திருந்ததால் அக்கா அரை நாள் விடுப்புப் போட்டு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டாள். மாமாவுக்கு அன்று கடை வார விடுமுறை. பனியனோடு நாற்காலியில் இருந்தார். வீட்டில் மேஜை விளிம்புகளுக்கெல்லாம் பட்டறையின் கழிவு ஃபோம் சுற்றியிருந்தது. குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை, தாழ்ப்பாள் இருந்த நாலு ஓட்டைகள் இருந்தன. குளிக்கும்போது அவன் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு நின்றால் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகலாம். இது இருபத்திரண்டு வருடச் சட்டம்.

அக்கா நோட்டோடு உட்கார்ந்தாள். அவள் குடிநீர் அலுவலகத்தில் வீட்டு மீட்டர்களின் ரீடிங்கைப் பதிவேட்டில் ஏற்றுபவள். நோட்டும் அந்தப் பதிவேடு மாதிரிதான். நாள், மணி, எவ்வளவு நேரம், எந்தக் கை, பார்த்தவர். அளவுகோல் வைத்துப் போட்ட கோடுகள்.

"மணி?"

"பத்து அம்பது" என்றாள் டேப்புக்காரி.

"எவ்வளவு நேரம்?"

"நாப்பது செகண்டு."

"இடது கைதானே?"

"வலது."

அக்காவின் பேனா நின்றது.

"வலதா? வலது எப்படி வரும்? முழிச்சதும் பஸ்ஸைக் கேட்டானா?"

"உனக்கும் தெரியுமா?" என்றான் அவன்.

"தெரியாம? மாமாதான் உனக்காக ஒவ்வொரு வாட்டியும் பஸ்ஸை நிறுத்தி வெச்சிருக்காரே."

"கேக்கலைக்கா" என்றாள் டேப்புக்காரி. "அந்த நோட்டைக் கொஞ்சம் கொடுங்க."

வாங்கி முந்தைய பக்கங்களைப் புரட்டினாள். படித்தாள். புருவம் ஏறியது. சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.

"புதன், பத்து மணி, ரெண்டு நிமிஷம். பார்த்தவர், யாரும் இல்லை. திங்கள், ஒன்பதே முக்கால், மூணு நிமிஷம். பார்த்தவர், யாரும் இல்லை. சனி, ஒண்ணரை நிமிஷம். யாரும் இல்லை." நோட்டை இறக்கினாள். "யாருமே பாக்காதப்போ ஒண்ணரை நிமிஷம்னு யாருக்கா பாத்தது?"

ஃபிரிட்ஜ் ஒரு உறுமல் உறுமி அடங்கியது.

முதலில் புரிந்தது மாமாவுக்கு. தொடையில் அடித்துக்கொண்டார். "அட, மீட்டரே ரீடிங் எழுதிக்கிட்டு இருக்கு! மேடம் பாக்காம கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருக்கீங்க!"

"சும்மா இருங்க நீங்க." அக்கா நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தாள். பதினோராவது வரியில் விரல் நின்றது. "பொய்யாடா?"

"ஆமா."

"எல்லாமா?"

"எல்லாம்."

"ரெண்டு வாட்டி மருந்தைக் கூட்டினாங்களேடா! என் கையாலதானேடா உரிச்சு உரிச்சுக் கொடுத்தேன்! உனக்குப் பைத்தியமா?"

"இருக்கலாம்."

"வாயை மூடு. ஏன்டா இப்படிப் பண்ணின?"

அவன் ஃபோம் சுற்றிய மேஜை விளிம்பைக் கிள்ளினான்.

"வலிப்புன்னா போர்வை போத்தி விடுற. சும்மா படுத்திருந்தா சோம்பேறிங்கிற."

அக்கா நோட்டை மடியில் இறக்கினாள். அந்தப் புதன்கிழமை அவளுக்கும் ஞாபகம் இருந்தது போலிருக்கிறது.

"ஏன்டா படுத்திருந்த?" என்றாள் கடைசியில். குரல் பாதியாகியிருந்தது.

"தெரியலை. எழுந்திருக்கணும்னு தோணலை. எதுக்குன்னு தோணுது."

"எதுக்குன்னா?"

"எதுக்கு எழுந்திருக்கணும்னு. எதுக்குக் குளிக்கணும். எதுக்கு இருக்கணும்னு."

மாமா நாற்காலியில் நிமிர்ந்தார். இந்த முறை தொடையில் அடிக்கவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, குளியலறைக் கதவைப் பார்த்தார்.

"இவன் பாத்ரூம்ல பாட்டு பாடியே எத்தனை நாளாச்சு?"

"பாடுறானே" என்றாள் அக்கா. "ஏதோ சத்தம் வருதே."

"அது பாட்டு இல்லடி. மெத்தை சைஸு. ஆறுக்கு மூணு, ஆறுக்கு நாலு, ஆறேகாலுக்கு அஞ்சுன்னு சொல்லிக்கிட்டு இருக்கான். ரெண்டு மாசமா. கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். இவன் குரலுக்கு இதுவே மேல்னு நெனச்சு சந்தோஷப்பட்டேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கெல்லாம் காது எதுக்கு? மூக்குக் கண்ணாடி மாட்டவா?"

டேப்புக்காரி எழுந்தாள். "எனக்கு மெஷின் சும்மா கிடக்கு. நான் போறேன்." கதவருகே நின்று திரும்பினாள். "இதை நாளைக்கு டாக்டர்கிட்ட நீயே சொல்லு. அக்காவைச் சொல்ல விடாத. அவங்க கோடு போட்டுத்தான் சொல்லுவாங்க."

"நீ முதலாளிகிட்ட சொல்லப் போறியா?"

"எதை? உனக்கு நாப்பது செகண்டு வலிப்பு வந்துச்சு. நான் கடிகாரத்தைப் பாத்தேன்." போய்விட்டாள்.

அக்கா வெகுநேரம் நோட்டை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள். அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. அதைச் சொல்வதற்கு முன்னால் கதவைச் சாத்தினாள். கேட்க யாரும் இல்லாதபோதும்.

"டேய், இப்படிப் பண்ணலாம். இந்த மாசம் குறைஞ்சிருக்குன்னு சொல்லிடுவோம். அடுத்த மாசம் சுத்தமா இல்லைன்னு சொல்லுவோம். அவரே மருந்தைக் குறைச்சிடுவாரு. பொய் சொன்னோம்னு எப்படிப் போய் நிக்கிறது? பக்கம் பக்கமா என் கையெழுத்துடா. இருபத்தாறு வருஷமா அந்த ஆஸ்பத்திரியில என் நோட்டுன்னா தனி மரியாதை. நர்ஸுங்க வாங்கிப் பாத்துட்டு மத்தவங்களுக்குக் காட்டுவாங்க."

"பொய்யைப் பொய்யாலயே இறக்குறதா?" என்றார் மாமா. "லிஃப்ட் மாதிரி."

"நீங்க பேசாதீங்க. மூணாவது மருந்து வேணாம், ஒயரும் வேணாம். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

அவன் யோசித்தான். அக்காவின் வழி நல்ல வழி. யாருக்கும் அவமானம் இல்லை. மருந்து குறையும். நோட்டு சுத்தமாக இருக்கும். சுத்தமான நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பத்து மணி வரை, பதினொன்று வரை, நாள் பூராவும் அவன் படுத்துக் கிடக்கலாம். வலிப்பே இல்லை என்று எல்லாரும் மறுபடி சந்தோஷப்படுவார்கள். கட்டிங் மாஸ்டர் இன்னொரு கேக் வெட்டுவார்.

"வேணாங்க்கா. நான் சொல்லிக்கிறேன்."

"என்னன்னு சொல்லுவ? அந்த ஆளு நிமிந்துகூடப் பாக்க மாட்டாரு. நம்பர் சொல்லுங்கன்னுதான் கேப்பாரு."

"நம்பர்தான் இருக்கே. பதினொண்ணு."

"அது வலிப்பு இல்லையேடா."

"அப்போ அடிச்சிட்டு மாத்தி எழுது."

அக்கா சிவப்பு மை பேனாவை எடுத்தாள். அளவுகோலையும் எடுத்தாள். பதினொரு வரிகளையும் கோடு போட்டு அடித்தாள். ஒரு கோடுகூடச் சாயவில்லை. பிறகு முதல் வரிக்கு மேலே பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இங்க என்ன எழுதறது?"

"எழுந்திருக்க முடியலைன்னு எழுது."

எழுதினாள். அடுத்த கட்டத்துக்கு வந்தாள். பழக்கத்தில் கேட்டாள்.

"எவ்வளவு நேரம்?"

"நாள் பூரா."

எழுதினாள். "எந்தக் கை?" என்று கேட்க வாயெடுத்து, மூடிக்கொண்டாள். அந்தக் கட்டத்தில் ஒரு சின்ன கோடு கிழித்தாள். கடைசிக் கட்டம் பார்த்தவர். அதில் ஏற்கெனவே யாரும் இல்லை என்று இருந்தது. அதை மட்டும் அடிக்காமல் விட்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"நோட்டை நனைச்சிடாத" என்றான் அவன். "முதலாளி கேப்பாரு."

அக்கா அளவுகோலால் அவன் முட்டியில் ஓங்கி ஒன்று போட்டாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஏழு மணிக்கு அக்கா எழுப்பினாள். ஏழே முக்காலுக்கு எழுந்தான். சட்டையின் ஏழு பட்டன்களில் நாலை அவன் போட்டான், மூன்றை மாமா போட்டார். பேருந்தில் கூட்டம். மூவரும் நின்றுகொண்டு போனார்கள்.

டோக்கன் முப்பத்தெட்டு. பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். மருத்துவர் நிமிராமல், "எத்தனை?" என்றார். அவன், "ஒண்ணும் இல்லை, பதினொண்ணும் பொய்" என்றான். அவர் நிமிர்ந்தார். நோட்டைக் கேட்டார். சிவப்புக் கோடுகளைப் பார்த்தார். அக்கா சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார். அவன், நீங்கள் வலிப்பைத்தானே கேட்டீர்கள் என்றான்.

மருத்துவர் பேனாவை மூடினார். தூக்கம், பசி, வேலை என்று கேட்டார். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்றும் கேட்டார். அக்கா நாட்காட்டியிலிருந்து திரும்பினாள். அவன், சில நாள் தோன்றுகிறது, அதற்கும் எழுந்திருக்க வேண்டுமே என்று படுத்துக்கொள்கிறேன் என்றான். மாமா இருமினார். மருத்துவர் சிரிக்கவில்லை. அப்படித் தோன்றுகிற நாளில் தனியாகப் படுக்காமல் வீட்டில் யாரிடமாவது சொல்ல வேண்டும், இல்லையென்றால் நேராக இங்கே வர வேண்டும் என்றார். வலிப்பு உள்ளவர்களில் நிறையப் பேருக்கு இது வரும், இரண்டும் ஒரே மண்டைக்குள் பக்கத்துப் பக்கத்துக் குடித்தனம், சில சமயம் வலிப்புக்குக் கொடுக்கும் மாத்திரையே இதைக் கிளறிவிடும் என்றார். கூட்டிய மருந்தை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வேறொன்றுக்கு மாற்ற எழுதினார். தானாக நிறுத்தினால் நிஜமாகவே வந்துவிடும் என்று இரண்டு முறை சொன்னார். மனநல மருத்துவர் மாடியில் பதினான்காம் அறையில் வியாழக்கிழமைகளில் இருப்பார். வரும் வியாழன் ஒன்பது மணிக்குப் பெயர் எழுதிக் கொடுத்தார்.

மாத்திரை வாங்கும் இடத்தில் முக்கால் மணி நேரம் வரிசை. மாமா நின்றார். அவன் பெஞ்சில் படுத்தான். அக்கா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவனை எழுப்பவில்லை.

மதியம் டேப்புக்காரி போன் செய்தாள். நாலாவது மூலையை யார் மாட்டுவது என்று முதலாளி கேட்பதாகச் சொன்னாள். வெள்ளிக்கிழமை வருவான் என்று அக்கா சொன்னாள். அவன், பார்க்கலாம் என்றான்.

மாலையில் மாமா அவனுக்குச் சவரம் செய்தார். பாதி முகம் முடிந்ததும் போதும் என்றான். மாமா மீதியையும் முடித்தார். பிறகு குளிக்கப் போனான். ஆறுக்கு மூன்று, ஆறுக்கு நாலு என்று ஆரம்பித்து, ஆறேகாலுக்கு ஐந்து வந்ததும் நின்றுவிட்டது. மாமா வெளியிலிருந்து ஆறரைக்கு ஏழரை என்றார். சிறிது நேரம் கழித்து உள்ளேயிருந்து, அப்படி ஒரு சைஸ் கிடையாது என்று பதில் வந்தது.

அக்கா நோட்டில் எழுதினாள். வலிப்பு, இல்லை. படுக்கை, நாலு மணி நேரம். பார்த்தவர், அவனையும் சேர்த்து மூன்று பேர்.